ஹோம்ஸ்டே விளம்பரத்தில் எங்கள் முற்றம்: உதவி தேவை

வணக்கம். கொடைக்கானல் மலையில் எங்கள் பக்கத்து வீட்டை ஹோம்ஸ்டேவாக விடுகிறார்கள். வாடகை இணையதளத்தில் போட்டிருக்கும் படங்களில் எங்கள் முற்றமும் வருகிறது. ஒன்றில் அம்மா சாக்கு விரித்து மலைப்பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார். முகம் அப்படியே தெரிகிறது. பின்னால் கொடியில் எங்கள் துணிகள். வந்து தங்குகிறவர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "படத்துல இருக்கிற பாட்டி" என்கிறார்கள். அம்மா இப்போது வெளியே உட்காரவே கூசுகிறார். எனக்கு மனசே ஆறவில்லை.

உரிமையாளரிடம் சொன்னேன். "வியூதானே எடுத்தோம்" என்றார், அதோடு சரி.

ஒருவருடைய உருவத்தை அனுமதியில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று 1994-இல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகளின்படி இத்தகைய தளங்களுக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவருக்கு எழுதப் போகிறேன்.

இப்படிப் புகார் கொடுத்துப் படத்தை நீக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னென்ன ஆதாரம் கேட்டார்கள்? ஸ்கிரீன்ஷாட் போதுமா? வக்கீல் நோட்டீஸ் வரை போகத் தயக்கமாக இருக்கிறது, தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள். அப்புறம், தமிழில் எழுதிய புகார்க் கடிதம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.