ஹை கெயின் ஆம்புக்கு முன்னால் ஓவர்டிரைவ் பெடல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நள்ளிரவுரிஃப்:
மூன்று வருடம் ஆகிறது. அந்த நிகழ்ச்சியின் பதிவைப் போட்டால் முதல் பாட்டைத் தாண்டிக் கேட்க முடியவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

டிராப் சி ட்யூனிங் (அடிக்கம்பியை சி வரை இறக்கியது), இரண்டு கிட்டார், மேடையில் எல்லா பேண்டுக்கும் பொதுவாக ஒரே ஹை கெயின் ஹெட், அதாவது சிக்னலைப் பலமாகப் பெருக்கிக் கரகரப்பாக்கும் ஆம்ப். சவுண்ட் செக்கில் பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கியபடி) அடித்தால் ஒவ்வொன்றும் சேற்றில் கால் புதைந்த மாதிரி. கெயினை ஏற்றினேன், இன்னும் மோசம். பேஸ் நாபைக் குறைத்தேன், சத்தம் மெலிந்ததே தவிர சேறு போகவில்லை. எங்களுக்கு அடுத்து வாசிக்கவிருந்த பேண்டின் கிட்டாரிஸ்ட், ஒரு அக்கா, என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தன் போர்டிலிருந்து பச்சை நிற டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலைக் கழற்றி என் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் செருகினார். லெவல் முழுசு, டோன் நடுவில், கரகரப்பைக் கூட்டும் டிரைவ் பூஜ்யம். “இப்ப அடிங்க” என்றார்.

அடித்தேன். டக். டக். டக். அதே கை, அதே கம்பி, அதே ஆம்ப். ஒவ்வொரு அடியும் அடித்த இடத்திலேயே நின்றது. எங்கள் டிரம்மர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இத்தோடு விட்டிருக்கலாம். மேடை ஏறும் முன் குனிந்து, ஓவர்டிரைவ் பெடலில் டிரைவே இல்லாமல் எப்படி என்று அந்த நாபைப் பாதிக்கு மேல் திருப்பினேன். முதல் ரிஃபிலேயே நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, கையை எடுத்தால் இரைச்சல், வால்யூமைத் தொட்டால் ஃபீட்பேக். நான்கு பாட்டும் இடைவெளி இல்லாமல் கோத்திருந்தோம், குனியவே முடியவில்லை. பெடலைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முதலில் பார்த்தது அந்த நாபைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுத் தன் போர்டில் மாட்டிக்கொண்டார்.

ஏழாம்கம்பி:
அண்ணா, உங்கள் சேறு எனக்கு வீட்டிலேயே நடந்தது. ஏழு கம்பி கிட்டார், கீழ் பி. அந்தக் கம்பியின் அடிப்படை அதிர்வு கிட்டத்தட்ட 62 ஹெர்ட்ஸ். ஆறு கம்பியின் கீழ் ஈ 82. அந்த இருபது ஹெர்ட்ஸ் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று ஹை கெயின் சேனலில் அடித்தால்தான் தெரியும்.

ரிதம் டிராக் இரண்டு பக்கமும் இரட்டையாகப் பதிந்து முடித்திருந்தேன். மிக்ஸ் செய்த நண்பர் கிட்டாரை மியூட் செய்து காட்டினார், டபுள் பேஸ் டிரம் ஒவ்வொரு உதையும் கேட்டது. மியூட்டை எடுத்தார், டிரம் காணாமல் போனது. மறுபடி மறுபடி இதையே செய்து காட்டினார், எதுவும் பேசவில்லை. அன்றிரவே ஓவர்டிரைவை முன்னால் வைத்து மொத்தத்தையும் புதிதாகப் பதிந்தேன். ஆம்பின் கெயினையும் பழைய அளவில் பாதிக்குக் குறைத்தேன். டிரம் திரும்பி வந்தது. ஹை கெயின் ஆம்ப் வைத்திருக்கும் யாருக்கும் பெடல் கட்டாயம் என்பது அன்றிலிருந்து என் முடிவு.

ஈயப்பற்று:
ஆம்ப் பழுது பார்ப்பவன் நான். என்னை விடாமல் உறுத்துவது வேறு கதை.

ஒருவர் தன் ஹெட்டைக் கொண்டுவந்து “பேஸ் கொழகொழன்னு இருக்கு, ஏதோ கெட்டுப்போச்சு” என்றார். திறந்து பார்த்தேன், டியூப், பயஸ், கப்பாசிட்டர் எல்லாம் சரி. அவர் விடவில்லை. முதல் இரண்டு கெயின் ஸ்டேஜுக்கு (சிக்னலைப் பெருக்கும் படிகளுக்கு) நடுவில் இருக்கும் கப்ளிங் கப்பாசிட்டரை எடுத்துவிட்டு மதிப்பில் சிறியதைப் போட்டேன். பேஸ் அங்கேயே வடிகட்டப்பட்டது, ரிஃப் இறுகியது, மகிழ்ச்சியாக எடுத்துப் போனார். இரண்டு வருடம் கழித்து அதே ஹெட்டோடு வந்து, “மெதுவான பாட்டுல உடம்பே இல்ல, பழையபடி ஆக்கித் தர முடியுமா?” என்றார். கையில் ஒரு ஓவர்டிரைவ் பெடல். அதைக் காட்டி “இது இருந்தா போதும்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். சொல்லியிருக்க வேண்டும். காலால் மிதித்து அணைக்கக்கூடிய ஒன்றுக்காக ஒரு நல்ல ஆம்பின் பலகையில் ஈயத்தை உருக்கினேன்.

நள்ளிரவுரிஃப், நீங்கள் பேஸ் நாபைக் குறைத்தும் சேறு போகாததற்குக் காரணம் இருக்கிறது. டூயல் ரெக்டிஃபையர், 5150 மாதிரி ஆம்புகளில் டோன் நாப்கள் கெயின் ஸ்டேஜ்களுக்குப் பின்னால் இருக்கின்றன. பேஸ் உள்ளே போய் டியூப்களைத் திணறடித்த பிறகுதான் உங்கள் நாப் அதைத் தொடுகிறது. கம்பியைப் பலமாக அடித்ததும் வரும் பெரிய பேஸ் அலை கப்ளிங் கப்பாசிட்டரை ஏற்றிவிடும், அது இறங்கும்வரை அந்த ஸ்டேஜ் சரியாக மூச்சு விடாது. அதற்குள் அடுத்த பாம் மியூட் வந்துவிடும். நீங்கள் கேட்ட சேறு அதுதான்.

டியூப் ஸ்க்ரீமருக்குள் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டரும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸில் எல்லை போடுகின்றன. அதற்கு மேலே உள்ளது பெருகும், கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்துகொண்டே போகும். அதாவது பேஸ் ஆம்புக்குள் நுழைவதற்கு முன்பே மெலிகிறது. இன்னொன்று, டிரைவ் பூஜ்யம் என்றால் பெருக்கமும் பூஜ்யம் என்று நினைக்காதீர்கள். அந்த நிலையிலும் மேல் பகுதிக்கு ஏறக்குறைய 12 மடங்கு. முழுக்கத் திருப்பினால் 118 மடங்கு வரை. சிக்னல் பலமாக வரும் ஹம்பக்கர் பிக்கப் இருந்தால் பூஜ்யத்திலேயே டையோடுகள் ஒலி அலையின் முனையை லேசாக வெட்டத் தொடங்கிவிடும். அந்த அக்கா கொடுத்தது அளவான வெட்டு. நீங்கள் திருப்பியது வெட்டின் மேல் வெட்டு.

ஐந்துபட்டை:
ஏழாம்கம்பி, “யாருக்கும் கட்டாயம்” என்பதை ஏற்கமாட்டேன். நீங்களே சொல்கிறீர்கள், பெடல் வைத்த அன்றே ஆம்பின் கெயினைப் பாதியாக்கினேன் என்று. டிரம் திரும்பி வந்தது எதனால்? இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுக்கிறீர்கள்.

என்னிடம் இருப்பது மெஸா மார்க் வகை. அதில் டோன் நாப்கள் கெயினுக்கு முன்னால். அதனால் பேஸ் நாபை ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கடைசியில் இருக்கும் ஐந்து பட்டை ஈக்வலைசரில் தேவையான பேஸைத் திரும்ப ஏற்றுவோம். முன்னால் குறை, பின்னால் கூட்டு. பெடல் செய்யும் வேலையை அந்த ஆம்ப் தானே செய்கிறது. ஒரு நாள் ஒத்திகையில் எல்லோரும் சொன்னார்கள் என்று இரவல் பெடலை முன்னால் வைத்தேன். இரண்டு தடவை பேஸ் வெட்டினால் என்ன ஆகும்? கொசு மாதிரி மெலிந்த சத்தம். பேஸ் கிட்டார் வாசிப்பவர் என் கேபினெட் அணைந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

லூப்வழி:
சுருக்கமாகச் சொல்கிறேன். அவசரத்தில் ஓவர்டிரைவை எஃபெக்ட்ஸ் லூப்பில் (கெயின் ஸ்டேஜ்களுக்குப் பின்னால் பெடல் செருகும் ஜாக்கில்) மாட்டினேன், லெவல் முழுசு. மிதித்தேன். ரிஃப் இறுகவே இல்லை, பவர் ஆம்புக்கு நேராகப் போன சத்தம் மட்டும் பல மடங்கு. ஆம்புக்கு எதிரே நின்ற பாடகர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க அவருக்கு ஒரு பக்கக் காதில் ரீங்காரம். கெயின் ஸ்டேஜுக்கு முன்னால் வைத்தால் டியூப் ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால் சத்தம் அவ்வளவாக ஏறாது, லூப்பில் அப்படி இல்லை. எந்த ஜாக்கில் செருகுகிறோம் என்று மிதிக்கும் முன் இரண்டு முறை பாருங்கள், தயவுசெய்து.

மௌனக்கதவு:
எனக்கு நடந்தது இவ்வளவுதான்: பெடல் வைத்த பிறகு ஒரு ரிஃபின் நடுவில் வரும் முழு நிறுத்தத்தில், அரங்கமே அமைதியாக இருக்க, என் ஆம்ப் மட்டும் புஸ்ஸென்று இரைந்தது. அந்த இரண்டு நொடி.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். பெடல் சிக்னலோடு இரைச்சலையும் பெருக்கும், நாய்ஸ் கேட் (வாசிக்காத நேரத்தில் இரைச்சலை மூடும் கருவி) இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். கேட்டை ஆம்புக்கு முன்னால் மட்டும் வைத்தால் கிட்டாரின் இரைச்சல் நிற்கும், ஆம்பின் சொந்த இரைச்சல் நிற்காது. லூப்பில் மட்டும் வைத்தால் நோட்டின் வால் எங்கே முடிகிறது என்று கேட்டுக்குச் சரியாகத் தெரியாது. பாஸ் என்எஸ்-2 மாதிரி செண்ட், ரிட்டர்ன் உள்ள கேட் என்றால் நான்கு கேபிள் முறை: கிட்டாரிலிருந்து கேட்டின் இன்புட். கேட்டின் செண்டிலிருந்து ஓவர்டிரைவ், அங்கிருந்து ஆம்பின் இன்புட். ஆம்பின் லூப் செண்டிலிருந்து கேட்டின் ரிட்டர்ன். கேட்டின் அவுட்புட்டிலிருந்து ஆம்பின் லூப் ரிட்டர்ன். இப்போது கேட் சுத்தமான கிட்டாரைக் கேட்டு முடிவெடுத்து, ஆம்பின் இரைச்சலை மூடுகிறது. திரெஷோல்டை (கேட் மூடத் தொடங்கும் அளவை) மிகவும் ஏற்றாதீர்கள், நீட்டிப் பிடிக்கும் நோட் பாதியில் அறுந்துவிடும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரிந்த 9 வோல்ட் சப்ளை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக எடுத்தால் டிஜிட்டல் பெடலின் கீச்சுச் சத்தம் ஓவர்டிரைவுக்குள் நுழையும். கம்பி தடிமனையும் பாருங்கள், தாழ்வான ட்யூனிங்கில் மெல்லிய கம்பி போட்டுவிட்டுப் பெடலைக் குறை சொல்லக் கூடாது. பிக்கப்பைக் கம்பிக்கு மிக அருகில் ஏற்றியிருந்தால் ஒரு சுற்று இறக்கிப் பாருங்கள். பிக்கும் முக்கியம், தடித்ததாக வாங்குங்கள். டியூப் ஸ்க்ரீமரில் 808 மாடலே தேடிப் பிடியுங்கள், டிஎஸ்9 வேண்டாம், சிப்பும் பழைய ஜேஆர்சி 4558 ஆக இருந்தால்தான் அந்த இறுக்கம் வரும்.

ஈயப்பற்று:
கேட் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. கடைசி வரி சரியில்லை. இரண்டையும் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன், 808க்கும் டிஎஸ்9க்கும் மின்சுற்றில் சொல்லத்தக்க வித்தியாசம் வெளியேறும் இடத்தில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்கள். 100 ஓமும் 10 கிலோ ஓமும் ஒன்றில், 470 ஓமும் 100 கிலோ ஓமும் மற்றதில். வழக்கமாக 1 மெகா ஓம் இருக்கும் ஆம்ப் இன்புட்டுக்கு முன்னால் அது பெரிதாகத் தெரியாது. 720 ஹெர்ட்ஸ் எல்லை இரண்டிலும் ஒன்றுதான். பழைய சிப்புக்காகப் புதிதாக வருபவர்களை அலைய விடாதீர்கள்.

மெதுநடை:
நான் வாசிப்பது டூம், மிக மெதுவான, கனமான மெட்டல். ஒரு நிமிடத்துக்கு அறுபது அடிகூட இருக்காது. இந்தப் பேச்சையெல்லாம் கேட்டு நானும் வாங்கி வைத்தேன். முதல் கார்டை அடித்ததும் தரையில் வழக்கமாக வரும் அதிர்வு வரவில்லை. எனக்கு அந்தக் கொழகொழப்புதான் பாட்டு. ஐந்துபட்டை சொன்னது போல ஆம்பைப் பொறுத்தது மட்டுமில்லை, என்ன வாசிக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. வேகமான பதினாறாம் நோட்டுகளுக்கு இடைவெளி வேண்டும். நான் ஒரு கார்டை நான்கு அடி நீட்டிப் பிடிக்கிறேன், எந்த இடைவெளியை நான் காப்பாற்ற வேண்டும்?

ஏழாம்கம்பி:
ஐந்துபட்டை, நேற்று உட்கார்ந்து தனித்தனியாகச் சோதித்தேன். பெடல் இல்லாமல் கெயினை மட்டும் பாதியாக்கினால் டிரம் ஓரளவு கேட்கிறது, ஆனால் கீழ் பி கம்பியில் மட்டும் சேறு அப்படியே இருக்கிறது. கெயினை ஏற்றிவிட்டுப் பெடலை வைத்தால் சேறு போகிறது, டிரம் மறுபடி மங்குகிறது. என் ஆம்பில் இரண்டும் வேண்டியிருக்கிறது. “யாருக்கும் கட்டாயம்” என்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

நள்ளிரவுரிஃப்:
எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக ஈயப்பற்று அண்ணனுக்கு. அந்த நாப் 12 மடங்கிலிருந்து தொடங்குகிறது என்று அன்றே தெரிந்திருந்தால் கை போயிருக்காது.

போன வாரம் ஒரு டியூப் ஸ்க்ரீமர் வாங்கி, அன்று வாசித்த அதே நான்கு பாட்டையும் வீட்டில் வரிசையாக வாசித்துப் பதிந்தேன். டிரைவ் பூஜ்யம். நாபின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது பாட்டில் மெதுவான பகுதி ஒன்று வரும், மெதுநடை சொன்னதைப் படித்த பிறகு அங்கே மட்டும் பெடலை அணைத்தேன், அந்த இடம் அகலமாகத் திறந்தது. மேடைப் பதிவையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டு, முதல் முறையாக நான்கு பாட்டையும் கடைசிவரை கேட்டேன்.

அந்த அக்காவின் பேண்ட் இப்போது வாசிப்பதில்லை. இந்தப் பதிவை அவருக்கு எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை.