டவுன் ரத வீதியில் பீட்சா, பர்கர் கடைகளுக்குத் தடை கேட்கலாமா?

டவுன்காரன்:
நெல்லையப்பர் கோயிலைச் சுத்தி நாலு ரத வீதியும் மெல்ல மெல்ல முகம் மாறுது. இத்தாலியில லூக்காங்கிற பழைய ஊர்ல வெளிநாட்டுச் சாப்பாட்டுக் கடைக்குத் தடை போட்டாங்களாமே? அதே மாதிரி மாநகராட்சிக்கு மனு எழுதணும். எதைக் கேட்டா நிக்கும்?

சட்டப்புள்ளி:
லூக்காவில 2009ல வந்த விதி அது. கோட்டை மதிலுக்குள்ள புதுசா வர்ற கடைக்குத்தான். ஏற்கெனவே இருந்ததைத் தொடலை. ஆனா 'வேற்று இனச் சாப்பாடு'ன்னு எழுதி வச்சதால உலகம் பூரா திட்டு வாங்கினாங்க. இத்தாலியில இன்னொரு ஊரான ஃப்ளோரன்ஸ் வேற வழியில போச்சு: கடையில விக்கிற பொருள்ல 70 சதவீதம் அந்த வட்டாரத்துல விளைஞ்சதா இருக்கணும்னு கேட்டாங்க. 2016ல பேராலயச் சதுக்கத்துல மெக்டொனால்ட்ஸுக்கு அனுமதி மறுத்தாங்க. கம்பெனி சுமார் 1.8 கோடி யூரோ கேட்டு வழக்குப் போட்டுச்சு.
நம்ம ஊர்ல சமையலைப் பார்த்துத் தடுத்தா விரும்பின தொழிலைச் செய்யுற உரிமையைத் தர்ற அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு குறுக்க வரும். அதே சட்டத்தின் 19(6) பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாட்டுக்கு இடம் தருது. அதனால மனுவில 'வெளிநாட்டு'ங்கிற சொல்லையே எடுத்துடுங்க அண்ணாச்சி. போர்டு, முகப்பு, புகை, கழிவுன்னு கேளுங்க. பர்கர் கடைக்கும் புரோட்டாக் கடைக்கும் ஒரே விதி.

பாளைவாசி:
அல்வாவே வடக்கேயிருந்து வந்தவங்க கொண்டாந்ததுதான வே! அதையும் சேத்துத் தடுக்கப் போறீரா?

காரைவேலை:
கெடுக்கிறது பீட்சா இல்ல, கடை முகப்பை மூடி அடிக்கிற ஏசிபி ஷீட்டு, அதான் அந்தப் பளபள அலுமினியப் பலகை. இரும்புச் சட்டம் அடிச்சு, பழைய சுவரைத் துளைச்சு போல்ட்டு முடுக்குவாங்க. மழைத் தண்ணி அந்த ஓட்டை வழியா இறங்கி ஷீட்டுக்குப் பின்னால தங்கும். சுண்ணாம்புச் சுவருக்குக் காத்து வேணும். அடைச்சிட்டா ஈரம் காயாது, காரை மாவா உதிரும். வெளியே பளபளன்னு இருக்கும், ஷீட்டைக் கழற்றினாத்தான் தெரியும். திண்ணையை இடிச்சுக் கண்ணாடிக் கதவு வைக்கிறது அடுத்த கேடு.
மனுவில எழுத வேண்டியது: போர்டு வாசல் அகலத்தைத் தாண்டக் கூடாது, தூணையும் ஜன்னலையும் மறைக்கக் கூடாது, திண்ணையை இடிக்கக் கூடாது. ரோட்டுப் பக்கம் நீட்டுற தகரத்தைக் கழற்றி மாட்டுற மாதிரிதான் வைக்கணும். ஆனித் தேரோட்டத்துக்கு இடைவெளி அளக்கும்போது சக்கரத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. மேல் அலங்காரம் சக்கரத்தை விட வெளியே தள்ளி நிக்கும், அங்கேயிருந்து அளங்க.

டவுன்காரன்:
புகை, கழிவுக்கு என்ன எழுதுறது?

கிச்சன்_ஃபிட்டர்:
புகைக் குழாய் பக்கத்து வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் மேல போகணும். சந்துப் பக்கம் திருப்பி விட்டா எண்ணெய்ப் பிசுக்கு முழுக்க எதிர்வீட்டு ஜன்னல்ல.
கழிவு நீருக்குக் கொழுப்புத் தொட்டி, ரெண்டு அறையா. வெளியேறுற குழாயோட வாய் தண்ணி மட்டத்துக்குக் கீழே இருக்கணும், அப்பத்தான் மிதக்கிற கொழுப்பு உள்ளேயே நிக்கும். பாத்திரம் கழுவின கொதி தண்ணியை நேரா ஊத்தினா கொழுப்பு உருகித் தொட்டியைத் தாண்டிடும், அப்புறம் சாக்கடையில போய்க் கல்லா உறையும். தொட்டியைக் கட்டிட்டு வழிக்காம விடுறவங்கதான் ஜாஸ்தி. அதனால எந்தத் தேதியில வழிச்சாங்கன்னு நோட்டுல எழுதி வைக்கணும், உரிமம் புதுப்பிக்கும்போது அதைக் காட்டணும்னு ஒரு வரி சேத்துக்கோங்க.