மலைப் பள்ளிக்கூடத்துல எஸ்எம்சி தலைவின்னா நெசமாவே என்ன முடிவு பண்ண முடியுமுங்க?

மலையோரத்தான்:
வணக்கமுங்க. நான் ஈரோடு மாவட்டம் கடம்பூர் மலைப்பக்கம், ஊராளிப் பழங்குடி. எங்க வீட்ல மொத டிகிரி நாந்தான், இப்ப பிஎட் முடிக்கப் போறேன். எங்கத்தை எங்கூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மேலாண்மைக் குழு (அதான் எஸ்எம்சி) தலைவி. ஆனா நடக்கறது என்னன்னா கூட்டத் தீர்மான நோட்டை வீட்டுக்குக் குடுத்து உடுவாங்க, அத்தை கையெழுத்துப் போட்டு அனுப்போணும், அதுல என்ன எழுதியிருக்குதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் படிச்சுக் காட்டுனதில்லை. ஊர்ல ஒரு பஞ்சாயத்துன்னா அத்தை பேச்சை ஆம்பளைகளே கேப்பாங்க, பள்ளிக்கூடம்னா மட்டும் வாசல்லயே நின்னுட்டு வந்துருது. ஒண்ணாப்புப் புள்ளைகளுக்கு வீட்டுப் பாஷை தான் தெரியும், டீச்சர் சொல்றது பாதி புரியாம மூணாப்பு வரைக்கும் வாயே தொறக்காது, நானும் அப்படித்தான் ஒக்காந்திருந்தேன். சட்டப்படி அத்தைக்கு என்ன அதிகாரம் இருக்குதுங்க?

அந்தியூர் டீச்சர்:
தம்பி, நானும் மலைப் பள்ளிக்கூடத்துல தான் வேலை பாக்கறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்துல குழுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க இருக்கோணும், பாதிப்பேர் பொம்பளைக. பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதறதே அந்தக் குழுவோட வேலை, ஹெச்எம் எழுதி இவங்க கையெழுத்துப் போடறதில்லை. முடிஞ்ச வரைக்கும் தாய்மொழில சொல்லிக் குடுக்கோணும்னும் அதே சட்டத்துல இருக்குது. அத்தையை அடுத்த கூட்டத்துல தீர்மானத்தைச் சத்தமாப் படிக்கச் சொல்லச் சொல்லு, பொறவு தான் கையெழுத்து. மொதத் தீர்மானம் சின்னதா இருக்கட்டும். கரும்பு வெட்டுக்குப் பெத்தவங்க கீழ எறங்கற மாசத்துல புள்ளைகளை ஆரு பாத்துக்கறது? எங்க பள்ளிக்கூடத்துல வருகை கொறையறதே அப்பத்தான், அதுக்கு வழி ஊர்க்காரங்களுக்குத் தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

நொய்யல்கரை:
இதே கேள்வியை வேற நாட்டுப் பூர்வகுடிகளும் கேட்டிருக்காங்க. நியூசிலாந்துல மவோரி மொழி அழியற நெலைக்கு வந்தப்ப 1982ல கொஹாங்கா ரியோன்னு ஆரம்பிச்சாங்க, மொழிக்கூடுன்னு அர்த்தம். பாட்டிமாரும் தாத்தாமாரும் சின்னக் குழந்தைகளோட நாளெல்லாம் மவோரிலயே பேசறது, அவ்வளவு தான். அந்தக் குழந்தைக வளந்ததும் 1985ல பள்ளிக்கூடமும் அவங்களே தொறந்தாங்க, 1989ல தான் சட்டம் அதை ஏத்துக்குச்சு. அமெரிக்காவுல அரிசோனாவுல ரஃப் ராக்னு ஒரு பள்ளிக்கூடம், 1966ல இருந்து நவஹோ ஊர்க்காரங்களே குழுவா ஒக்காந்து நடத்துனாங்க, ரெண்டு வருசத்துல நவஹோ மக்கள் சொந்தமா காலேஜே ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு எடத்துலயும் ஊர்க்காரங்க தான் முன்னால நின்னாங்க. உங்கத்தைக்குத் தெரிஞ்ச பாட்டு, கதை, கெழங்கு பேரு எல்லாத்தையும் ஒண்ணாப்புல வாரத்துக்கு ஒரு மணி நேரம் சொல்ல வைங்க, நெம்பக் காசு ஆகாது.

பர்கூரான்:
ஒண்ணு சொல்லோணுமுங்க. நாங்க மலையாளின்னு சொல்ற மலைவாழ் சனம், கேரளாக்காரங்க இல்லை. சேலம், தர்மபுரில இருக்கற எங்க சொந்தக்காரங்களுக்கு எஸ்டி சர்டிபிகேட் கிடைக்குது, ஈரோடு மாவட்டம் அந்தப் பட்டியல்ல இல்லாததால எங்களுக்குக் கிடைக்கறதில்லை. என்ற தங்கச்சி பிளஸ் டூல நல்ல மார்க், ஒதுக்கீடு இல்லாததால கேட்ட காலேஜ் கிடைக்கலை. டீச்சரா, ஹெச்எம்மா, கல்வி ஆபீசரா எங்காளுக வந்தாத்தான உள்ள இருந்து மாத்த முடியும், வர்ற வழியே அடைச்சிருந்தா எப்படிங்க? தமிழ்நாட்டுல 2011 கணக்குப்படி பழங்குடிகள்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 54 சதவீதம், மாநிலம் மொத்தத்துக்கு 80. இதுல எங்க கணக்கு சேரவே இல்லை.

மலையோரத்தான்:
நன்றிங்க எல்லாருக்கும். பர்கூரானுங்கண்ணா, நீங்க சொன்னது மனசுல நிக்குது, எங்களுக்குச் சர்டிபிகேட் இருக்குது, அதை நான் பெரிசா நெனைச்சதே இல்லை. சாயங்காலம் அத்தைகிட்ட எல்லாம் படிச்சுக் காட்டுனேன். தீர்மானம் பத்திக் கேட்டுட்டு, கூட்டம் எப்பன்னு எனக்கே சொல்றதில்லையே, மொதல்ல தேதியக் கேளுடான்னுச்சு. நாளைக்கு அத்தையக் கூட்டிட்டுப் போறேன். டீச்சருங்க, வளர்ச்சித் திட்டத்தோட படிவம் ஒண்ணு இருந்தா போட்டோ எடுத்துப் போடுவீங்களா?