அரிப்பு நின்றது, படர்தாமரை நிற்கவில்லை

கொண்டலாம்பட்டியிலிருந்து

எனக்கு முதலில் வந்தது இடது தொடையின் உட்பக்கம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. சித்திரை மாதம். எங்கள் தறிக்கூடத்துக்கு மேலே சிமென்ட் ஷீட்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே நின்றால் லுங்கி இடுப்போடு ஒட்டிக்கொள்ளும். வியர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டேன். இரண்டு வாரத்தில் ஓரம் சிவந்து, நடு தெளிந்து, வளையமாகிவிட்டது. அந்த இடத்தை யாரிடம் காட்டுவது? இடுப்பில் இரண்டாவது வளையம் வந்த பிறகுதான் அம்மா பார்த்துவிட்டுப் படர்தாமரை என்றார்.

மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்றேன். எந்த இடம், எத்தனை நாளாக என்று எதுவும் கேட்கவில்லை, ஒரு ட்யூப் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, மூன்றே நாளில் அரிப்பு போய்விட்டது, சிவப்பும் போய்விட்டது. நிறுத்தினேன். பத்தாம் நாள் திரும்ப வந்தது, இந்த முறை உள்ளங்கை அகலத்துக்கு. மறுபடி ட்யூப். மறுபடி நிம்மதி. இப்படியே எட்டு மாதம். அதற்குள் என் மனைவிக்கு இடுப்பில், பெண்ணுக்குக் கழுத்தில் வந்துவிட்டது. வளையமாக இருந்தது வளையமாகவும் இல்லை, வரைபடத்தில் தீவு மாதிரி அங்கங்கே திட்டு.

கடைசியில் சேலம் ஜி.எச்.சில் தோல் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது உடம்பைக் காட்டச் சொல்லி அல்ல, ட்யூப்பைக் காட்டச் சொல்லி. நல்லவேளை பையில் இருந்தது. "இதுல மூணு மருந்து இருக்கு. ஒண்ணு பூஞ்சைக்கு, ஒண்ணு பாக்டீரியாவுக்கு, மூணாவது ஸ்டீராய்டு. அந்த மூணாவதுதான் உங்களுக்கு நல்லாயிட்ட மாதிரி காட்டுது" என்றார். சிவப்பும் அரிப்பும் பூஞ்சையோடு உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். பூஞ்சை சத்தமில்லாமல் பக்கத்துத் தோலுக்குப் பரவும். தொடையில் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பது போலக் கோடு விழுந்திருப்பதை அவர்தான் காட்டினார். அந்தக் கோடு இன்னும் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்.

தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, பூஞ்சை தெரிகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அப்புறம் பூஞ்சைக்கு இட்ராகோனசோல் கேப்சூல், சாப்பிட்ட உடனே போடச் சொன்னார். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது உடம்பில் சேரும், அதனால் வாயு மாத்திரை, அசிடிட்டி மருந்து கூடவே போடக் கூடாது. கொழுப்புக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்றும் கேட்டார். எனக்கு இல்லை, ஆனால் அதே நோயோடு வந்த என் அப்பாவுக்கு உண்டு. சில கொழுப்பு மாத்திரைகளோடு இது சேரவே சேராதாம், அவருக்கு வேறு மருந்து எழுதினார். பூசுவதற்கு லுலிகோனசோல் க்ரீம், ஒரு வேளை. திட்டின் மேல் மட்டும் இல்லை, அதைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரைக்கும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல்.

கஷ்டம் என்னவென்றால் முதல் வாரம்தான். பழைய ட்யூப்பை விட்டதும் அரிப்பு இரண்டு மடங்காக வந்தது. ராத்திரி அரிப்பு மாத்திரை செட்டிரிசின் போட்டும் தூக்கமில்லை. ட்யூப்பைத் தேடி எழுந்திருப்பேன் என்று தெரிந்துதான் மனைவி அதை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம், ஆளுக்கு ஒரு துண்டு, உள்ளாடை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்து இஸ்திரி. முழுசாக விட்டுப் போக பத்து வாரம் ஆனது.

இடையில் பாட்டி சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசச் சொன்னார். அந்த இலையில் விஷயம் இல்லாமல் இல்லை, படர்தாமரைக்குக் காலங்காலமாகப் பூசுகிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு தின்று மெலிந்த தோலில் அது பட்டபோது நான் குதித்த குதியைத் தெருவே பார்த்தது.

ஏற்காட்டிலிருந்து

எங்களுக்கு வந்தது சொறி, தோலுக்குள் புகும் பொடிப் பூச்சியால் வருவது. காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற சீசன், லைன் வீட்டில் என் அக்கா பிள்ளைகளோடு ஒரே கம்பளியில் படுத்த என் மகனுக்குத்தான் முதலில். விரல் இடுக்கில், மணிக்கட்டில், தொப்புளைச் சுற்றி. பகலில் பரவாயில்லை, ராத்திரி படுத்தால் விடிய விடிய சொறிவான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்ததும், "வீட்டுல வேற யாருக்கு அரிக்குது?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது.

பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி உட்பட, அரிக்காத இடத்திலும் பூசி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிக்கிறதோ இல்லையோ வீட்டில் எல்லோரும், ஒரே ராத்திரியில். முதல் தடவை சொறி ஒட்டினால் அரிப்புத் தெரியவே நாலைந்து வாரம் ஆகுமாம், அதனால் அரிக்காதவர் சுத்தம் என்று அர்த்தமில்லை. அக்கா வீட்டுக்காரர் மட்டும் "எனக்கென்ன" என்று பூசிக்கொள்ளவில்லை. அவரால் எல்லோரும் இரண்டாவது முறை முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

கம்பளியை வெயிலில் காயப்போடச் சொன்னார்கள். மலையில் அந்த வாரம் முழுக்கப் பனிமூட்டம், வெயிலுக்கு எங்கே போவது? பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் மூலையில் போட்டுவிட்டோம். ஆள் உடம்பை விட்டால் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

ஒன்று சொல்ல வேண்டும். மருந்து வேலை செய்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரித்தது. செத்த பூச்சிக்குத் தோல் காட்டும் கோபமாம் அது. அது தெரியாமல் நான் மகனுக்குத் தினமும் க்ரீம் பூசி, தோலையே எரியவைத்துவிட்டேன்.

ஆத்தூர் பக்கம், சேகோ ஃபேக்டரி

குச்சிக்கிழங்கு கழுவுகிற இடத்தில் ஒன்பது வருஷம். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், கைவிரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிப்போகும். க்ளோட்ரிமசோல் போட்டால் போகும், வேலைக்குப் போனால் வரும். ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பூசு என்கிறார் டாக்டர். துடைக்க எங்கே நேரம்?

சேலம், மெடிக்கல் கடை வைத்திருப்பவர்

முதலில் எழுதியவர் எங்களைத்தான் குத்துகிறார், ஏற்கிறேன். 2018லேயே ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கடைக்கு வருபவர் காலி ட்யூப்பைக் கொண்டுவந்து "இதேதான் வேணும்" என்பார். இல்லை என்றால் அடுத்த கடை. இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

ட்யூப்பில் இரண்டு பெயரைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். க்ளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து. க்ளோபெட்டசால் வீரியமான ஸ்டீராய்டு. காதில் விழும்போது இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். படித்தவர்களே மாற்றிக் கேட்கிறார்கள். ஸ்டீராய்டு கெட்டது என்றும் கிளம்பிவிடாதீர்கள். கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் டாக்டர் அளவு சொல்லி எழுதுவது அதைத்தான். முகத்துக்கும் தொடையிடுக்குக்கும் தானாக வாங்கிப் பூசுவதில்தான் வில்லங்கம்.

ஓமலூர், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்

எல்லோரும் அரிப்பைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் கணக்கில் பயப்பட வேண்டியது அரிக்காத திட்டு. ஒரு தறிக்காரருக்கு முழங்கைக்கு மேலே வெளிறிய திட்டு. தேமல் என்று ஒரு வருஷம் எலுமிச்சை தேய்த்திருக்கிறார். பஞ்சைத் திரித்துத் தொட்டேன், கண்ணை மூடிக்கொண்டு "எங்கே தொடுறீங்க?" என்றார். திட்டில் உணர்ச்சியே இல்லை. தொழுநோய். பெயரைக் கேட்டதும் அவர் வீட்டம்மா அழுத அழுகை... கூட்டு மருந்து சிகிச்சை 1982 முதல் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் வேளையை நம் கண் முன்னால் விழுங்க வைப்போம். அதில் இருக்கும் ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிடாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினார். மற்றபடி முழுசாகக் குணம், அதே தறியில்தான் இன்னும் இருக்கிறார்.

கொண்டலாம்பட்டியிலிருந்து, மறுபடி

செவிலியரம்மா எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் கூடத்தில் பாவு பிணைக்கிற பெரியவரின் முதுகை இன்று மத்தியானம் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். வெளிறிய திட்டு, பொடிப்பொடியாகச் செதில். "கூசுதுடா, விடு" என்றார். தேமல்தான் போலிருக்கிறது. ஆனாலும் திங்கட்கிழமை தோல் பிரிவுக்குக் கூட்டிப் போகிறேன், அவர் டப்பாவில் இருக்கும் ட்யூப்பையும் சேர்த்து.