ஆர்எக்ஸ் 100 கிளட்ச் கவர் ஆயில் கசிவு: புதுப்பிப்பு

என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வலது பக்கம் சாய்ந்ததில் பிரேக் பெடல் உள்ளே மடங்கிக் கிளட்ச் கவரில் (இன்ஜினின் வலது பக்க அலுமினிய மூடி) இடித்து, விரிசல் வழியாகக் கியர் ஆயில் கசிகிறது, பசை போடலாமா வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். வெல்டிங்தான் வைத்தேன். கசிவு சுத்தமாக நின்றுவிட்டது.

பசை வேண்டாம் என்றதற்குக் காரணம், விரிசல் கிக்கர் ஷாஃப்ட் (உதைத்து ஸ்டார்ட் செய்யும் தண்டு) துளையை ஒட்டி ஓடியிருந்தது, ஒவ்வொரு உதைக்கும் அதிர்வு வாங்கும் இடம் அது. பழைய வார்ப்பு அலுமினியம் ஆயிலைக் குடித்து வைத்திருக்கும். தின்னரில் கழுவிப் பளபளவென்று இருந்த கவர், சூடு காட்டியதும் விரிசல் ஓரம் கருப்பாக வியர்த்தது. அதனால் சூடு, துடைப்பு, மறுபடி சூடு என்று அது நிற்கும்வரை செய்த பிறகே விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு (இல்லாவிட்டால் மேலும் ஓடும்), பள்ளம் தேய்த்து, 4043 கம்பியில் (சிலிக்கான் கலந்த அலுமினிய வெல்டிங் கம்பி) ஆர்கான் வாயு வெல்டிங் வைத்தோம். வெல்டர் அவசரப்படாத மனிதர், அது பெரிய விஷயம்.

அப்புறம் சூட்டில் கவர் லேசாக வளைந்திருந்தது. தடித்த கண்ணாடி மேல் எமரி தாள் விரித்துத் தேய்த்துச் சமமாக்கினேன். புது பேக்கிங் (கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைப்பது) போட்டு, போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். பெடலையும் நிமிர்த்தியாயிற்று.