ஹிஜாப் வழுக்காமல் நிற்க என்ன செய்கிறீர்கள்? முதல் நாட்களில் உங்களுக்கு எப்படி இருந்தது?

டெல்டா பொண்ணு:
அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குத் தஞ்சாவூர் பக்கம். அடுத்த மாதம் சென்னையில் வேலைக்குச் சேரப் போகிறேன். எங்கள் வீட்டிலேயே மூன்று பேர் மூன்று விதம். நன்னி, அதாவது பாட்டி, வாசலைத் தாண்டினால் புடவைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி. அம்மா ஊருக்குள் முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொள்வார், பஸ் ஏறினால் கறுப்பு புர்கா. நான் காலேஜ் முழுக்க சுடிதார் ஷாலைத் தலையில் போட்டுக்கொண்டு போவேன், பாதி நேரம் அது தோளில்தான் கிடக்கும். இப்போது யாரும் சொல்லாமல் நானாகவே ஒழுங்காகக் கட்ட ஆரம்பித்து நான்கு வாரம் ஆகிறது.

பிரச்சினை என்னவென்றால் ஜார்ஜெட் ஸ்கார்ஃப் பத்து நிமிடத்தில் பின்னால் நழுவிவிடுகிறது. கண்ணாடி வேறு போடுகிறேன், காதுக்கு மேல் அழுத்தி மதியத்துக்குள் தலை வலிக்கிறது. சென்னையில் ஸ்கூட்டியில்தான் போக வேண்டும், ஹெல்மெட்டை எப்படிப் போடுவது என்றே புரியவில்லை. அப்புறம் இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நிலைக்கண்ணாடியில் பார்த்தால் நான் வேறு யாரோ மாதிரி தெரிகிறேன். முகம் பெரிதாக, வட்டமாக. இது எல்லோருக்கும் இருந்ததா?

பல்லாவரம் ராத்தா:
வஅலைக்கும் ஸலாம்மா. முதலில் அந்த ஜார்ஜெட்டைக் கல்யாண வீட்டுக்கு என்று எடுத்து வைத்துவிடு. சென்னை வெயிலுக்கு மெல்லிய காட்டன், இல்லையென்றால் மோடல் என்ற மென்மையான துணி. உள்ளே காட்டன் உள்தொப்பி போட்டால் மேல்துணி அதைப் பிடித்துக்கொள்ளும், வழுக்கல் பாதி அதிலேயே நின்றுவிடும். சாட்டின் தொப்பி வாங்காதே, துணியோடு சேர்ந்து அதுவும் வழுக்கும். கொண்டையை உச்சியில் போடாமல் பிடரிக்கு மேலே தாழ்வாகப் போடு. உச்சியில் போட்டால் பாரம் பின்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கண்ணாடிக்கு ஒரு வழி இருக்கிறது. துணியைத் தாடைக்குக் கீழே பின் குத்தும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டே குத்து. காது பக்கம் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு தானாக வந்துவிடும். கண்ணாடி இல்லாமல் குத்திவிட்டு அப்புறம் அதன் காலைத் திணிப்பதால்தான் வலி. ஹெல்மெட்டுக்கு, நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது உள்தொப்பிக்கு மேல் மெல்லிய துணியை இரண்டு முனையும் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்வேன். பின் எதுவும் கிடையாது. அதன்மேல் ஹெல்மெட். ஆபீஸ் போனதும் முனைகளை முன்னால் எடுத்து மார்பு மறையப் போட்டு ஒரே ஒரு காந்த பின். ஒன்பது வருடமாக இப்படித்தான்.

முகம் வட்டமாகத் தெரிவது எல்லோருக்கும் உண்டு. நான் முதல் மாதம் போட்டோ எடுக்கவே விடவில்லை. முடி இருந்த இடத்தில் முடி இல்லாததால் கண் தேடுகிறது, அவ்வளவுதான். நெற்றிக்கு மேல் துணியைத் தட்டையாக ஒட்டவிடாமல் லேசாக மடித்து எடுத்துப் பார்.

சிங்கை நர்ஸ்:
நான் சிங்கப்பூரில் நர்ஸ். ஹிஜாபை இங்கே மலாய்க்காரர்கள் தூடோங் என்பார்கள், எங்கள் வாயிலும் அதே வார்த்தைதான். பொது மருத்துவமனைகளில் சீருடையோடு தூடோங் அணிய முன்பு அனுமதி கிடையாது. 2021 ஆகஸ்டில் பிரதமர் தேசிய தின உரையில் அறிவித்து, அந்த வருடம் நவம்பர் 1 முதல் அனுமதித்தார்கள். அதுவரை நான் தினமும் மருத்துவமனை வரை அணிந்து போய், லாக்கர் அறையில் கழற்றி மடித்து வைத்துவிட்டு வார்டுக்குப் போவேன். ஷிஃப்ட் முடிந்து திரும்பக் கட்டும்போது துணியில் காலையில் விழுந்த மடிப்பு அப்படியே இருக்கும். அந்த நவம்பரில் முதல் தடவையாக லாக்கரைத் திறக்காமல் நேராக வார்டுக்கு நடந்தபோது எனக்குக் கை நடுங்கியது. வார்டில் படுத்திருந்த சீனப் பாட்டி என்னை அடையாளம் தெரியாமல் புது நர்ஸா என்று கேட்டார், குரலைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

வார்டில் துணி நுனி தொங்கக் கூடாது, குனிந்தால் நோயாளி மேல் படும். அதனால் நுனியைச் சீருடைக்குள் செருகிவிடுவேன். உனக்கு நான் சொல்ல நினைத்தது பின் விஷயம். தயவுசெய்து குண்டூசியை வாயில் கடித்துக்கொண்டு ஸ்கார்ஃப் கட்டாதே. பேச்சுக் கொடுத்தாலோ சிரித்தாலோ இருமினாலோ ஒரு நொடியில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். போனால் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஹிஜாப் அணியும் நாடுகளில் எல்லாம், அதுவும் சின்ன வயதுப் பெண்களுக்கு, அடிக்கடி நடப்பது இது. காந்த பின்தான் நல்லது. ஆனால் வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் அந்தக் காந்த பின்னை அவர்கள் நெஞ்சுப் பக்கம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்.

காயல் கண்ணும்மா:
மகளே, நன்னியின் துப்பட்டியைப் பற்றி எழுதினாயே, அதைப் படித்ததும் எழுத வேண்டும் போலிருந்தது. எங்கள் காயல்பட்டினத்தில் என் சிறு வயதில் கறுப்பைப் பார்ப்பதே அபூர்வம். எல்லாம் வெள்ளைத் துப்பட்டிதான். பின்னும் கிடையாது, தொப்பியும் கிடையாது. தலைமேல் போட்டு, உள்ளிருந்து ஒரு கையால் தாடைக்குக் கீழே கொத்தாகப் பிடித்துக்கொண்டு நடப்போம். மறு கையில் பிள்ளை, அல்லது தூக்குச்சட்டி. அந்தப் பிடி இளகாமல் வீட்டுக்கு வீடு போய்வருவது பழக்கத்தில்தான் வரும். பெண்கள் நடக்க என்றே எங்கள் ஊரில் முடுக்குகள், அதாவது குறுகிய சந்துகள், உண்டு. அவற்றுக்குள் வந்துவிட்டால் பிடியைத் தளர்த்திவிட்டுப் பேசிக்கொண்டே போகலாம். கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்த துப்பட்டியின் வாசம் இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது.

பிறகு வளைகுடாவுக்குப் போன ஆண்கள் அபாயா என்ற நீண்ட கறுப்பு அங்கியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கையும் காலியாக இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அதனால் நானும் மாறிவிட்டேன். ஆனால் அதுதான் சரியான பர்தா, துப்பட்டி அரைகுறை என்று சில இளம்பிள்ளைகள் பேசும்போது மனசு வலிக்கிறது. குர்ஆனில் 24ஆம் அத்தியாயம் 31ஆம் வசனத்தில் முந்தானையை மார்பின்மேல் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. கறுப்பு என்றா இருக்கிறது? எங்கள் உம்மாமார் அந்த வெள்ளைத் துணியோடு நிறைவாக வாழ்ந்து போனவர்கள்.

மட்டக்களப்பு வாசகி:
நான் கிழக்கிலங்கை. எங்கட உம்மும்மா சாரித் தலைப்பில் முக்காடு, உம்மாவும் நானும் அபாயாவும் ஷாலும். முகம் மூடினதில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த மாதம் 29ஆம் தேதி முகம் மூடத் தடை வந்தது. சட்டம் முகத்தைப் பற்றித்தான், ஆனால் வாசலில் நிற்பவர்கள் எல்லாரும் சட்டம் படித்தவர்கள் இல்லையே. ஒரு கடை வாசலில் என்னுடைய ஷாலை விலக்கிக் காதைக் காட்டச் சொன்னார்கள். பின்னால் வரிசை நிற்குது. நான் காதைக் காட்டினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதது முகத்துக்காகவோ காதுக்காகவோ இல்லை, செத்துப்போன சனத்துக்காக நானும் ஒரு கிழமையாக அழுதுகொண்டிருந்தேன், அது அந்த வாசலில் நின்றவருக்குத் தெரியாதே என்றுதான்.

தங்கச்சி, நீங்கள் புது ஊருக்குப் போகிறீர்கள். யாராவது முறைத்துப் பார்த்தால் ஷாலைச் சரிசெய்ய வேண்டாம். நான் அப்படிச் செய்து செய்து, இப்போதும் யாரைக் கண்டாலும் கை தானாக ஷாலுக்குப் போகிறது.

கழற்றியவள்:
நான் பதினொரு வருடம் அணிந்துவிட்டு இப்போது அணிவதில்லை. தொழுகையில் மட்டும்தான். சண்டை போட வரவில்லை, இங்கே எழுதலாம் என்று தோன்றியது. பதிமூன்று வயதில் எனக்குக் கட்டிவிட்டார்கள், கேட்கவில்லை. 2022இல் கர்நாடகத்தில் பிள்ளைகளைக் கல்லூரி வாசலில் நிறுத்திக் கழற்றச் சொன்னபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அதே வருடம் செப்டம்பரில் ஈரானில் ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று பிடித்துக்கொண்டு போன மாசா அமினி காவலில் இறந்தபோதும் அதே ஆத்திரம்தான். ஒரு பெண்ணின் தலையில் வேறு யாரோ கை வைக்கிறார்கள். நீ நானாகவே ஆரம்பித்தேன் என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த ஒரு வரியைப் படித்து நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஒருநாள் ஷால் தோளில் விழுந்துவிட்டால் உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே.

டெல்டா பொண்ணு:
எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு கைர். நேற்றே இரண்டு காட்டன் ஸ்கார்ஃபும் உள்தொப்பியும் வாங்கிவிட்டேன். கண்ணாடியோடு பின் குத்தினேன், சாயங்காலம் வரை தலை வலிக்கவில்லை. குண்டூசியை வாயில் வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது நர்ஸ் ராத்தா, விட்டுவிட்டேன். காயல் கண்ணும்மா எழுதியதை நன்னிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்து, அவருடைய கல்யாணத்துக்கு எடுத்த துப்பட்டியை எடுத்து என் தலையில் போட்டு, என் கையைப் பிடித்து எப்படிக் கொத்தாகப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். வாசல் வரைதான் நடந்தேன், அதற்குள் இரண்டு தடவை நழுவிவிட்டது.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. அந்த உள்தொப்பியை நெற்றியில் எவ்வளவு இறக்கிக் கட்டுவது? புருவத்துக்கு மேல் இரண்டு விரல் விட்டால் போதுமா?

பல்லாவரம் ராத்தா:
மூன்று விரல் விடும்மா. அதற்குக் கீழே இறக்கினால் வியர்வையில் நெற்றி முழுக்கப் பரு வரும். தொப்பியைத் தினமும் துவைத்துவிடு, தலை ஈரத்தோடு மட்டும் கட்டாதே.