ஜி.இ.டி. கட்டுரையில் எங்கே தவறுகிறேன்?

வைகைக்கரை வாணி:
வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறேன், வயது 39. மதுரைப் பக்கம் பிளஸ் ஒன் பாதியில் படிப்பு நின்றுபோனது. இப்போது பார்மசி டெக்னீஷியன் வகுப்பில் சேர ஹைஸ்கூல் சான்றிதழ் கேட்கிறார்கள். அதற்காக, பள்ளி முடிக்காதவர்களுக்கான ஜி.இ.டி. தேர்வை எழுதுகிறேன். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றிலும் தேறிவிட்டேன். கட்டுரையும் சேர்ந்த ஆங்கிலத் தாளான ஆர்.எல்.ஏ.வில் 141. தேற 145 வேண்டும். நாலே நாலு!

பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு எனக்கு எப்போதும் நல்ல மார்க். முன்னுரை, உட்தலைப்புகள், நடுவில் ஒரு குறள், முடிவுரை, ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு. குறளும் பேனாவும் தவிர, இங்கேயும் அதே மாதிரிதான் எழுதினேன்.

பயிற்சிக்கு எழுதிய ஒன்றை மகளிடம் காட்டினேன். பள்ளி காலையில் தாமதமாகத் தொடங்கலாமா என்று இரண்டு பேர் எதிரெதிராக எழுதியிருந்தார்கள். விடியலில் எழுவதுதான் நல்லது, எங்கள் அப்பா 4 மணிக்கே எழுப்பிவிடுவார் என்று நான் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்காரி படித்துவிட்டு, “அம்மா, உன் அபிப்பிராயத்தை யாரும் கேக்கவே இல்லையே” என்கிறாள். அப்படியானால் வேறு என்னதான் எழுத? தேறியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டல்லாஸ் டிரைவர்:
அக்கா, மகள் சொன்னது நூற்றுக்கு நூறு. முதல் தடவை நானும் அதில்தான் விழுந்தேன். இரண்டு பேரில் யார் தன் கட்சிக்கு உறுதியான ஆதாரம் காட்டியிருக்கிறார், அதுதான் கேள்வி. பட்டிமன்ற நடுவர் மாதிரி உட்காருங்கள். (டிவி நடுவர்கள் மாதிரி வீட்டுக் கதை சொல்லக் கூடாது!)

கட்டுரைக்கு 45 நிமிடம். தேர்வு மையத்தில் அழித்து எழுதும் பலகை தருவார்கள். நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் மற்றவர். ஆய்வு முடிவு, எண்ணிக்கை, நிபுணர் சொன்னது எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லில் குறித்துக்கொண்டேன். வெறும் ஆதங்கமாக இருந்தால் ஒரு பெருக்கல் குறி. எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் தீர்ப்பு, நம் மனசு எங்கே இருந்தாலும் சரி. இதற்கு 15 நிமிடம், எழுத 25, திருத்த 5. நாலைந்து பத்தி, 300 சொல்லுக்கு மேல் போனால் போதும். தோற்றவர் எங்கே சறுக்கினார் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும், அதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கொடுத்த பகுதியையே வெட்டி ஒட்டி நிரப்பினால் பூஜ்யம்தான்.

தேர்வுத் திரையில் எழுத்துப் பிழைக்குச் சிவப்புக் கோடு வராது. வேர்டில் பழகுவதானால் பிழைதிருத்தியை அணைத்துவிட்டுப் பழகுங்கள்.

பாதிநிலா:
கட்டுரையில் தனியாகத் தேற வேண்டும் என்று விதி இல்லை. நான் ஒரே ஒரு பத்தி எழுதிவிட்டு மற்ற கேள்விகளை ஒழுங்காகச் செய்தேன். 147 வந்தது. டென்ஷன் வேண்டாம்.

டல்லாஸ் டிரைவர்:
அது உங்கள் அதிர்ஷ்டம். ஆர்.எல்.ஏ.வில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கட்டுரைக்கு. 4 மார்க்கில் தவறியவர் அதை ஏன் விட வேண்டும்?

நூலகத்து டீச்சர்:
வார இறுதியில் நூலகத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கட்டுரையை மூன்று விதமாகப் பார்த்து மார்க் போடுகிறார்கள்: வாதமும் ஆதாரமும், கோவையாகச் சொல்வது, மொழி. மூன்றாவதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். தமிழில் ‘போய், பார்த்து, விசாரித்து, எழுதினார்’ என்று எச்சம் எச்சமாக அடுக்கலாம், அழகாகவும் இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் முழு வாக்கியங்களையே கமா போட்டுக் கோத்துக்கொண்டு போகிறோம். அது பிழை. ஒரு செய்தி முடிந்ததா, முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள். அப்புறம் ‘ஏ’, ‘தி’. தமிழில் இல்லாத சரக்கு, அதனால் விட்டுப்போவது நம் கண்ணில் படுவதே இல்லை. கடைசி 5 நிமிடத்தை இந்த இரண்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். கட்டுரைக்கு வெளியே, பட்டியலிலிருந்து சரியான வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளிலும் இதே சங்கதிதான் வரும்.

வைகைக்கரை வாணி:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாகத் தினம் ஒன்று எழுதுகிறேன். நேற்று அந்தப் பள்ளி நேரத்தையே திரும்ப எடுத்தேன். 340 சொல், 3 நிமிடம் மீதி. தாமதமாகத் தொடங்கலாம் என்றவருக்குத்தான் தீர்ப்பு, ஆய்வெல்லாம் அவரிடம்தான் இருந்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவார். மகள் ‘தி’ விட்டுப்போன 11 இடத்தை வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள், அதுவும் என் பழைய பழக்கப்படி ஸ்கெட்ச் பேனாவில். 20ஆம் தேதி தேர்வு. மார்க் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.